டெபியன் இன்ஸ்டால் பண்றப்ப நெட்வொர்க் ஸ்க்ரீன்ல என்ன குடுக்கணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெபியன்ங்கற லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட பென்டிரைவ் ரெடி பண்ணி, பூட் ஆகி, மொழி, கீபோர்டு எல்லாம் தாண்டி வந்துட்டு நெட்வொர்க் ஸ்க்ரீன்ல அப்படியே நின்னுடறவங்க நிறைய பேர். டிஸ்க் பிரிக்கற இடத்துல பயப்படறது நியாயம், டேட்டா போயிடும், ஆனா நெட்வொர்க் இடத்துல அவ்வளவு பயம் தேவையே இல்ல. இங்க வர்ற கேள்விகள்ல சிலதுக்கு நீங்க குடுக்கற பதில் இன்ஸ்டால் முடியற வரைக்கும்தான் வேலைக்கு ஆகும், சிலது மெஷின்லயே தங்கிடும், அப்புறம் ஆறு மாசம் கழிச்சு எங்கயோ வந்து காலை வாரும். எது தங்கும் எது தங்காதுன்னு தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. கீழ சொல்றது எல்லாம் டெபியன் 12 புக்வர்ம், 13 ட்ரிக்ஸி ரெண்டோட இன்ஸ்டாலரை வச்சு.

நெட் இல்லாமயே இன்ஸ்டால் பண்ண முடியுமா?

முடியும், ஆனா நீங்க எந்த இமேஜ், அதாவது பென்டிரைவ்ல எழுதற இன்ஸ்டால் ஃபைல், இறக்கினீங்கன்றதைப் பொறுத்து. நெட்இன்ஸ்ட்னு சொல்ற சின்ன இமேஜ்ல பேஸ் சிஸ்டம் மட்டும்தான் இருக்கு, டெஸ்க்டாப் எல்லாம் நெட்ல இருந்துதான் இறங்கணும். அதை வச்சுக்கிட்டு "இப்ப நெட்வொர்க் வேண்டாம்"னு குடுத்துட்டா கடைசில கருப்பு ஸ்க்ரீன்ல லாகின் மட்டும் கேக்கும், க்னோம், கேடிஈ மாதிரி டெஸ்க்டாப் எதுவும் இருக்காது. நிறைய பேர் இதைப் பார்த்துட்டு இன்ஸ்டால் கெட்டுப்போச்சுன்னு திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கறாங்க. கெடல, நீங்க கேட்டதைத்தான் அது பண்ணிருக்கு.

நெட் இல்லாத இடம்னா கிட்டத்தட்ட 4 ஜிபி வர்ற முதல் டிவிடி இமேஜ் இறக்கிக்கங்க, இல்லன்னா லைவ் இமேஜ். என்னைக் கேட்டா லைவ் இமேஜ்தான் நல்லது, ஏன்னா இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே டெஸ்க்டாப் வந்துடும், உங்க வைஃபை கார்டு வேலை செய்யுதா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சுடும். டிஸ்க்ல கை வைக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கறது எவ்வளவு நிம்மதி.

ரெண்டு மூணு கார்டு பேரைக் காட்டி எது உன்னோட முதன்மை நெட்வொர்க்னு கேக்குது, எதைத் தேர்வு பண்றது?

மெஷின்ல ஒண்ணுக்கு மேல நெட்வொர்க் கார்டு இருந்தாதான் இந்தக் கேள்வி வரும். லேப்டாப்ல வயர் ஒண்ணு, வைஃபை ஒண்ணுன்னு ரெண்டும் இருந்தா வரும். பேரைப் பார்த்து பயந்துடாதீங்க. ஈ, என் ரெண்டு எழுத்துல ஆரம்பிச்சா வயர், டபிள்யூ, எல்ல ஆரம்பிச்சா வைஃபை, அவ்வளவுதான். பின்னாடி வர்ற எழுத்தும் நம்பரும் கார்டு மதர்போர்டுல எந்த இடத்துல இருக்குன்னு சொல்றது, உதாரணத்துக்கு பி3 எஸ்0ன்னு இருந்தா பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0. ஓ1ன்னு இருந்தா போர்டுலயே வர்ற கார்டு. பேருக்குப் பக்கத்துல கம்பெனி பேரும் காட்டும், இன்டெல், ரியல்டெக்னு, அதையும் பார்த்துக்கலாம்.

பழைய ஆளுங்களுக்கு ஈத்0, டபிள்யூலேன்0 தான் பழக்கம். அந்தப் பேர்ல ஒரு தொல்லை இருந்துச்சு, ரெண்டு கார்டு இருக்கற சர்வர்ல ரீபூட் பண்ணா ஈத்0 ஈத்1 ஆயிடும், ஈத்1 ஈத்0 ஆயிடும். அதைத் தடுக்கத்தான் 2013ல லினக்ஸ்ல சர்வீஸ்களை ஆரம்பிச்சு நடத்தற சிஸ்டம்டி இந்தப் புதுப் பேர் முறையைக் கொண்டுவந்துச்சு, டெபியன்ல 2017ல வந்த 9ஆவது வெர்ஷன்ல இருந்து புது இன்ஸ்டாலுக்கு அதுதான் வழக்கம்.

எதைத் தேர்வு பண்றதுன்னா, வயர் கிடைக்கும்னா வயர். ரவுட்டர் பக்கத்துல லேப்டாப்பைக் கொண்டுபோய் வச்சு ஒரு லேன் கேபிள் சொருகிட்டா பாதி கேள்வி வரவே வராது. இன்ஸ்டால் முடிஞ்சதும் வைஃபைக்கு மாறிக்கலாம், இங்க தேர்வு பண்ணதால வாழ்நாள் முழுக்க வயர்லயே இருக்கணும்னு எதுவும் இல்ல.

வைஃபை பேரே லிஸ்ட்ல வரல, கார்டு கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்ல. விண்டோஸ்ல வேலை செஞ்ச கார்டுன்னா கார்டு நல்லாதான் இருக்கு, ஃபர்ம்வேர்தான் கிடைக்கல. வைஃபை கார்டுக்குள்ளயே ஒரு சின்ன ப்ராசசர் இருக்கு, ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் அதுக்குன்னு ஒரு ஃபைலை சிஸ்டம் ஏத்திவிடணும், அந்த ஃபைல்தான் ஃபர்ம்வேர். பெரும்பாலானது அந்தந்த கம்பெனி சோர்ஸ் குடுக்காத ஃபைல், அதனால சுதந்திர மென்பொருள் கொள்கைல உறுதியா இருக்கற டெபியன் ரொம்ப வருஷம் அதை அதிகாரப்பூர்வ இமேஜ்ல சேர்க்காம இருந்துச்சு. ஃபர்ம்வேர் இல்லாம நெட் வராது, நெட் இல்லாம ஃபர்ம்வேர் இறக்க முடியாது, இதுல மாட்டி எத்தனை பேர் டெபியனே வேண்டாம்னு போயிருப்பாங்க.

2022ல டெபியன் டெவலப்பர்கள் இதுக்குன்னே ஓட்டெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரை இமேஜ்லயே சேர்க்கலாம்னு முடிவு பண்ணாங்க. 2023 ஜூன்ல வந்த புக்வர்ம்ல இருந்து இன்டெல், ஏதெராஸ், ரியல்டெக் மாதிரி பெரும்பாலான கார்டுகளுக்கு இன்ஸ்டாலரே ஃபர்ம்வேரைக் கண்டுபிடிச்சு ஏத்திடும், உங்களை எதுவும் கேக்காது. என் பார்வைல சமீப காலத்துல டெபியன் எடுத்த ரொம்ப நல்ல முடிவு இது. கொள்கையை விட்டுட்டாங்கன்னு சிலர் வருத்தப்பட்டாங்க, அந்த வருத்தத்தையும் மதிக்கறேன், ஆனா முதல் தடவை லினக்ஸ் போடற ஒரு காலேஜ் பையனுக்கு வைஃபை வரலைன்னா அவன் அந்தக் கொள்கை என்னன்னு தெரிஞ்சுக்கற வரைக்கும் இருக்கவே மாட்டான். ஃபர்ம்வேர் ஏத்த வேண்டாம்னு நினைக்கறவங்களுக்கு பூட் பண்றப்பவே அதை நிறுத்தற வழியும் வச்சிருக்காங்க.

அப்படியும் வரலைன்னா, பழைய ப்ராட்காம் கார்டா பாருங்க. அதுல சிலதோட ஃபர்ம்வேரை மத்தவங்க விநியோகம் பண்ணவே அனுமதி இல்ல, அதனால இமேஜ்ல வைக்க முடியாது, இன்ஸ்டால் முடிஞ்ச அப்புறம் நெட் வழியா தனியா இறக்கிக்கணும். பழைய மேக்புக் பல மாடல்லயும் ப்ராட்காம்தான். சின்னதா விக்கற யூஎஸ்பி வைஃபை டாங்கிள் சிலதுக்கு கெர்னல்ல, அதாவது லினக்ஸோட மையப் பகுதில, டிரைவரே இருக்காது. இந்த ரெண்டு கேஸ்லயும் அங்க உக்காந்து மல்லுக்கட்டாம அடுத்த பதிலைப் படிங்க.

போன் நெட்டை வச்சு இன்ஸ்டால் பண்ணலாமா?

தாராளமா. ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிள்ல சொருகி, செட்டிங்ஸ்ல ஹாட்ஸ்பாட் பக்கத்துல இருக்கற யூஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணுங்க. கம்ப்யூட்டருக்கு அது ஒரு வயர் நெட்வொர்க் கார்டு மாதிரிதான் தெரியும், ஃபர்ம்வேர் எதுவும் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், ஐபியை, அதாவது நெட்வொர்க் முகவரியை, போனே குடுத்துடும். லிஸ்ட்ல யூஎஸ்பி0ன்னோ, ஈ என் எக்ஸ்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு பேரோ வரும், அதைத் தேர்வு பண்ணுங்க.

இங்க ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, நெட்வொர்க் ஸ்க்ரீன் வர்றதுக்கு முன்னாடியே சொருகி டெதரிங் ஆன் பண்ணிடுங்க, லேட்டா பண்ணா லிஸ்ட்ல வராது, அப்ப பின்னாடி போற பட்டனை அழுத்தி மெனுவுக்குப் போய் நெட்வொர்க் ஹார்டுவேரைத் தேடற ஸ்டெப்பை திரும்ப ஓட்டணும். ரெண்டு, சார்ஜ் மட்டும் ஆகற கேபிள் இருக்கு, அதுல டேட்டா போகாது, டெதரிங் பட்டன் மங்கலாவே இருந்தா முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க. போன் வீட்டு வைஃபைல இருந்தா டெதரிங் அந்த வைஃபை நெட்டையே கடத்திக் குடுக்கும், அதனால டேட்டா பேக் தீந்துடுமோன்னு கவலையும் வேண்டாம். சுருக்கமா சொன்னா உங்க போன்தான் இப்ப வைஃபை கார்டு.

ஐபோன்ல இது இவ்வளவு சுலபம் இல்ல, அதுக்கு கூடுதல் சாஃப்ட்வேர் வேணும். ஆண்ட்ராய்டு யார்கிட்டயாவது அரை மணி நேரம் கடன் கேட்டுக்கங்க.

வைஃபை பேர் வருது, பாஸ்வேர்டும் சரி, ஆனா கனெக்ட் ஆகல?

முதல்ல ரவுட்டர்ல பாதுகாப்பு முறை என்னன்னு பாருங்க. இன்ஸ்டாலர் கேக்கறது ரெண்டே வகை, ஒண்ணு திறந்த நெட்வொர்க் அல்லது பழைய டபிள்யூஈபி, இன்னொண்ணு டபிள்யூபிஏ/டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டு. வீட்டு ரவுட்டர் எல்லாம் ரெண்டாவது. ரவுட்டர்ல டபிள்யூபிஏ3 மட்டும்னு வச்சிருந்தீங்கன்னா 2ம் 3ம் கலந்த மோடுக்கு மாத்திட்டு ட்ரை பண்ணுங்க. ஆபீஸ், யூனிவர்சிட்டில யூசர்நேம் பாஸ்வேர்டு ரெண்டும் கேக்கற என்டர்ப்ரைஸ் வைஃபைக்கு இன்ஸ்டாலர்ல வழி கிடையாது, போன் டெதரிங்தான்.

அப்புறம் கீபோர்டு. இதை யாரும் யோசிக்க மாட்டாங்க. கீபோர்டு லேஅவுட் அமெரிக்கன் இல்லாம பிரிட்டிஷ் தேர்வு பண்ணிட்டா, நீங்க அட் குறி அடிச்ச இடத்துல மேற்கோள் குறி விழும், பாஸ்வேர்டு மறைஞ்சு இருந்தா உங்களுக்குத் தெரியாது. இந்தியால விக்கற லேப்டாப் கீபோர்டு பெரும்பாலும் அமெரிக்கன் லேஅவுட்தான். பாஸ்வேர்டை வெளிப்படையா காட்டற டிக் இருந்தா அதைப் போட்டுட்டு டைப் பண்ணுங்க. டபிள்யூபிஏ பாஸ்வேர்டு 8ல இருந்து 63 எழுத்துக்குள்ள இருக்கணும்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்.

உங்க வைஃபை பேர் மட்டும் லிஸ்ட்ல இல்ல, பக்கத்து வீட்டுது எல்லாம் வருதுன்னா, பெரும்பாலும் உங்களுது 5 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும் ஓடுது, லேப்டாப் கார்டு 2.4 மட்டும் பிடிக்கற பழசு. ரவுட்டர்ல 2.4ஐ ஆன் பண்ணா வந்துடும்.

"டிஹெச்சிபி தோல்வி"ன்னு வருது, இப்ப என்ன?

இன்ஸ்டாலர் முதல்ல புது வகை ஐபியான ஐபிவி6 முகவரி கிடைக்குதான்னு பார்க்கும், அப்புறம் டிஹெச்சிபி வழியா, அதாவது ரவுட்டர்கிட்ட கேட்டு ஐபி வாங்கப் பார்க்கும். பதில் வரலைன்னா நாலு வழி காட்டும்: திரும்ப முயற்சி பண்ணு, டிஹெச்சிபி ஹோஸ்ட்நேம் குடுத்து முயற்சி பண்ணு, கையால செட் பண்ணு, இப்ப வேண்டாம். இதுல மூணாவதுக்கு உடனே தாவிடறாங்க எல்லாரும். தாவாதீங்க. ரவுட்டர் பதிலே சொல்லலைன்னா நீங்க கையால நம்பர் போட்டாலும் பெரும்பாலும் நெட் வராது, ஏன்னா கேபிளோ போர்ட்டோதான் பிரச்சனை.

லேன் போர்ட்ல லைட் எரியுதா பாருங்க. எரியலைன்னா கேபிளை ரெண்டு முனையிலயும் கழட்டி க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் சொருகுங்க, ரவுட்டர்ல வேற போர்ட் மாத்துங்க, வெளிய இருந்து நெட் வர்ற வேன் போர்ட்ல தவறி சொருகிருக்கான்னும் பாருங்க. அப்புறம் முதல் ஆப்ஷனை அழுத்துங்க. ஹோஸ்ட்நேம் குடுக்கற ரெண்டாவது ஆப்ஷன் சில கேபிள் நெட் கம்பெனிகளுக்காக வச்சது, நம்ம வீட்டு ரவுட்டருக்குத் தேவைப்படாது.

என்ன நடக்குதுன்னு உள்ள பார்க்கணும்னா டெக்ஸ்ட் இன்ஸ்டாலர்ல ஆல்ட் எஃப்4 அழுத்துங்க, லாக் ஓடும், ஆல்ட் எஃப்1 அழுத்தினா திரும்ப வந்துடலாம். அந்த லாக்ல ஃபர்ம்வேர் கிடைக்கலைன்னு வரி இருந்தா காரணம் அங்கயே மாட்டிடும்.

ஸ்டாட்டிக் ஐபி குடுத்தா ஸ்பீடு அதிகமாகும்னு சொல்றாங்களே?

ஆகாது. ஸ்டாட்டிக்னா நீங்களே கையால குடுக்கற, மாறாத ஐபி. டிஹெச்சிபி ஐபி வாங்கறதுக்கு ஒரு செகண்டு ரெண்டு செகண்டு ஆகும், வாங்கின அப்புறம் ரெண்டும் ஒண்ணுதான். ஸ்டாட்டிக் எப்ப வேணும்னா, அந்த மெஷினைத் தேடி மத்த மெஷின் வரணும்னா. வீட்டுல ஃபைல் சர்வர், ஆபீஸ்ல பிரின்ட் சர்வர், டெஸ்ட் பண்ற வெப் சர்வர். அதுக்கும்கூட நான் சொல்றது, இன்ஸ்டால் பண்றப்ப டிஹெச்சிபியே விட்டுட்டு, ரவுட்டர்ல போய் அந்த கார்டோட மேக் முகவரிக்கு, அதாவது கார்டுக்குன்னே இருக்கற அடையாள நம்பருக்கு, ஒரு ஐபியை ஒதுக்கி வச்சுடுங்க. எல்லா முகவரியும் ஒரே இடத்துல இருக்கும், நாளைக்கு ரவுட்டர் மாத்தினாலும் மெஷினுக்குள்ள போய் கை வைக்க வேண்டாம்.

இல்ல, ஆபீஸ்ல கையாலதான் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க. நாலு கட்டத்துல என்ன போடறது?

அப்ப அவங்ககிட்டயே ஐபி, நெட்மாஸ்க், கேட்வே, நேம் சர்வர்னு நாலு விவரமும் கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டு உக்காருங்க, ஊகிச்சுப் போடாதீங்க. வீட்டுல பழகறதுக்காகப் பண்றீங்கன்னா இப்படிப் பாருங்க.

ரவுட்டரோட முகவரி 192.168.1.1னு வச்சுப்போம். சில ரவுட்டர்ல 192.168.0.1 இருக்கும், ஜியோ ஃபைபர்ல வழக்கமா 192.168.29.1. போன்ல வைஃபை விவரத்தைத் திறந்தா கேட்வேன்னு ஒரு வரில தெரியும், அதுதான். உங்க மெஷினுக்கு முதல் மூணு பாகம் அதே மாதிரி இருக்கணும், கடைசி நம்பர் மட்டும் வேற. இங்கதான் கவனம் வேணும்: ரவுட்டர் மத்தவங்களுக்குத் தானா பிரிச்சுக் குடுக்கற வரிசை ஒண்ணு இருக்கும், உதாரணமா 100ல இருந்து 200 வரைக்கும். நீங்க 105ன்னு போட்டா இன்னைக்கு வேலை செய்யும், நாளைக்கு வீட்டுக்கு வந்த மாமாவோட போனுக்கு ரவுட்டர் அதே 105ஐக் குடுத்துடும், ரெண்டுல ஒண்ணு விட்டு விட்டு நெட் போகும், காரணமே புரியாது. அதனால வரிசைக்கு வெளிய, 50ன்னு போடுங்க. 0, 255 ரெண்டும் போடக்கூடாது.

நெட்மாஸ்க் வீட்டுல 255.255.255.0, அதையே ஐபிக்குப் பின்னாடி சாய்கோடு 24ன்னும் எழுதுவாங்க, அந்த நெட்வொர்க்ல 254 மெஷினுக்கு இடம்னு அர்த்தம். கேட்வே ரவுட்டரோட முகவரி. கேட்வேயும் உங்க ஐபியும் ஒரே நெட்வொர்க்ல இல்லைன்னா இன்ஸ்டாலரே எட்ட முடியாத கேட்வேன்னு சொல்லிடும், அது வந்தா நெட்மாஸ்க்லயோ மூணாவது நம்பர்லயோ தப்பு விழுந்திருக்கு.

இந்த ஸ்டாட்டிக் பதில் மெஷின்லயே தங்கற பதில். வீட்டு நம்பர் போட்ட லேப்டாப்பை காலேஜுக்கு எடுத்துட்டுப் போய் கேபிள் சொருகினா நெட் வராது, அதனால லேப்டாப்ல ஸ்டாட்டிக் வேண்டவே வேண்டாம்.

நேம் சர்வர் கட்டத்துல எல்லாரும் 8.8.8.8 போடறாங்க, போடலாமா?

போடலாம், அது 2009ல இருந்து கூகுள் நடத்தற டிஎன்எஸ், அதாவது சைட் பேரை ஐபியா மாத்திக் குடுக்கற சர்வர். 2018ல வந்த க்ளவுட்ஃப்ளேரோட 1.1.1.1, க்வாட்9ஓட 9.9.9.9 எல்லாமும் அதே வேலையைத்தான் பண்ணுது. நடுவுல இடம் விட்டு மூணு வரைக்கும் போடலாம், கமா போடக்கூடாது. வீட்டுல ரவுட்டர் முகவரியையே போட்டாலும் போதும். ஆபீஸ்ல மட்டும் அவங்க சொன்னதைத்தான் போடணும், ஏன்னா உள்ள இருக்கற சர்வர் பேர் எல்லாம் வெளி டிஎன்எஸ்க்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழிச்சு மிரர், அதாவது டெபியன் ஃபைல்களோட காப்பி வச்சிருக்கற சர்வர், தேர்வு பண்ற ஸ்க்ரீன்ல "இந்த மிரர் கிடைக்கல, இல்லன்னா சரியான ரிலீஸ் ஃபைல் இல்ல"ன்னு வந்தா மிரரைத் திட்டாதீங்க, பத்துல ஒன்பது தடவை இங்க போட்ட டிஎன்எஸ்ஸோ கேட்வேயோதான் காரணம். பின்னாடி போய் நெட்வொர்க்கைத் திரும்ப செட் பண்ணுங்க, ரீபூட் தேவையில்ல.

ஹோஸ்ட்நேம் எப்படி வைக்கறது?

மெஷினுக்கு நீங்க வைக்கற பேர். எதுவும் பண்ணலைன்னா டெபியன்னே இருக்கும், வீட்டுல ஒரே மெஷின்னா அதுவே போதும். ரெண்டு மூணு மெஷின்லயும் அதையே விட்டுட்டா ரவுட்டர் லிஸ்ட்ல எது எதுன்னு தெரியாம முழிக்கணும், அதனால வேற வேற பேர் வைங்க. ஆங்கில எழுத்து, நம்பர், நடுவுல சின்னக் கோடு இது மட்டும்தான் அனுமதி, அடிக்கோடு கூடாது, ஸ்பேஸ் கூடாது, கோட்டுல ஆரம்பிக்கவோ முடிக்கவோ கூடாது, 63 எழுத்துக்கு மேல போகக்கூடாது. உங்க முழுப்பேரை வைக்கறதை நான் தவிர்க்கச் சொல்வேன், பொது வைஃபைல சேர்றப்ப இந்தப் பேர் மத்தவங்க கண்ணுக்குத் தெரிய வாய்ப்பு இருக்கு.

இதுவும் தங்கற பதில். பின்னாடி மாத்தறப்ப ரெண்டு இடத்துல மாத்தணும், செட்டிங்ஸ் ஃபைல்கள் இருக்கற ஈடிசி ஃபோல்டர்ல ஹோஸ்ட்நேம்னு ஒரு ஃபைல், ஹோஸ்ட்ஸ்னு ஒரு ஃபைல். டெபியன் இந்த ரெண்டாவதுல 127.0.1.1னு ஒரு வரி போட்டு பக்கத்துல உங்க மெஷின் பேரை எழுதி வைக்கும். முதல் ஃபைலை மட்டும் மாத்திட்டு இதை விட்டுட்டா அட்மின் உரிமையோட கமாண்ட் ஓட்ட ஒவ்வொரு தடவை சூடோ அடிக்கறப்பவும் ஹோஸ்ட் பேரைக் கண்டுபிடிக்க முடியலைன்னு ஒரு வரி வந்துக்கிட்டே இருக்கும்.

டொமைன் நேம்?

வீட்டுல காலியா விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. இணையத்துல உங்களுக்குன்னு சைட் இருந்தாலும் இங்க போட வேண்டிய அவசியம் இல்ல. ஏதாவது வைக்கணும்னே ஆசைன்னா லோக்கல்னு மட்டும் வைக்காதீங்க, அது நெட்வொர்க்ல பிரின்டர் மாதிரி சாதனங்கள் ஒண்ணை ஒண்ணு தானா கண்டுபிடிக்கற முறைக்கு ஒதுக்கினது, குழப்பம் வரும். வீட்டு நெட்வொர்க்குக்குன்னே ஹோம் டாட் ஆர்பான்னு 2018ல ஒதுக்கிருக்காங்க.

மிரர் லிஸ்ட்ல எந்த நாடு, எந்த சர்வர்?

டெப் டாட் டெபியன் டாட் ஆர்க்னு இருக்கறதை விட்டுடுங்க. அது உங்களுக்குப் பக்கத்துல இருக்கற சர்வர்ல இருந்து தானா குடுக்கும். காலேஜ்லயே மிரர் வச்சிருந்தா மட்டும் அதைப் போடுங்க, மின்னல் வேகத்துல இறங்கும்.

ப்ராக்ஸின்னு ஒரு கட்டம் வருது, கட்டாயமா?

இல்ல. ப்ராக்ஸின்னா உங்க மெஷினுக்கும் நெட்டுக்கும் நடுவுல நிக்கற சர்வர். வீட்டுல, போன் நெட்ல, காலியா விட்டு தொடருங்க. காலேஜ் லேப்ல ப்ராக்ஸி வழியாதான் நெட்னா, ஹெச்டிடிபி, கோலன், ரெண்டு சாய்கோடு, அப்புறம் சர்வர் முகவரி, கோலன், போர்ட் நம்பர், இந்த வரிசைல போடணும். ஸ்க்விட்ங்கற ப்ராக்ஸி சாஃப்ட்வேர் வச்சிருக்கற இடத்துல போர்ட் பெரும்பாலும் 3128. யூசர்நேம் பாஸ்வேர்டு வேணும்னா சர்வர் முகவரிக்கு முன்னாடி வரும், நடுவுல அட் குறி. உங்க பாஸ்வேர்டுக்குள்ளயே அட் குறி இருந்துச்சுன்னா அதை அப்படியே போட்டா பாஸ்வேர்டு அங்கயே முடிஞ்சுதுன்னு நினைச்சுக்கும், அதுக்குப் பதிலா சதவீதக் குறி போட்டு 40ன்னு எழுதணும்.

இந்தக் கட்டத்தைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்பறேன், ஏன்னா எல்லாத்தையும் விட சத்தமில்லாம தங்கிடற பதில் இதுதான். ஈடிசிக்குள்ள, சாஃப்ட்வேர் இறக்கற ஆப்ட் டூலோட ஃபோல்டர்ல ஆப்ட் டாட் கான்ஃப்னு ஒரு ஃபைல்ல போய் உக்காந்துக்கும். ஹாஸ்டல்ல இன்ஸ்டால் பண்ண பொண்ணு லீவுக்கு வீட்டுக்கு வரும், ப்ரவுசர்ல யூட்யூப் ஓடும், எல்லாம் ஓடும், ஆனா அப்டேட் மட்டும் கனெக்ட் ஆகலைன்னு நிக்கும். நெட் இருக்கே ஏன் வரலைன்னு சோர்ஸ் லிஸ்ட், மிரர்னு எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாலும் சரியாகாது. அந்த ஃபைல்ல ப்ராக்ஸி வரி ஒண்ணை எடுத்தா போதும். லினக்ஸ் சொல்லிக்குடுக்கற சீனியர்கள் இதை இன்ஸ்டால் அன்னைக்கே சொல்லி அனுப்பிடுங்க, புண்ணியமா போகும்.

ஹாஸ்டல் வைஃபைல கனெக்ட் ஆனா ப்ரவுசர்ல லாகின் பேஜ் வரும், இன்ஸ்டாலர்ல அதை எப்படித் திறக்கறது?

திறக்க முடியாது, இன்ஸ்டாலர்ல ப்ரவுசர் கிடையாது. வைஃபை கனெக்ட் ஆனதா காட்டும், ஐபியும் கிடைக்கும், மிரர் கிட்ட போறப்ப நிக்கும். போனை அந்த வைஃபைல லாகின் பண்ணிட்டு யூஎஸ்பி டெதரிங் போடுங்க, இல்லன்னா லைவ் இமேஜ்ல பூட் ஆகி அங்க இருக்கற ப்ரவுசர்ல லாகின் பண்ணிட்டு அப்புறம் இன்ஸ்டால் ஆரம்பிங்க.

எங்க வீட்டுல விண்டோஸ்ல டயல் பண்ணாதான் நெட் வரும், இங்க டயல் எங்க?

அது பிபிபிஓஈ, யூசர்நேம் பாஸ்வேர்டு குடுத்து டயல் பண்ற முறை. சாதாரணமா இன்ஸ்டாலர் அதைக் கேக்காது, பூட் பண்றப்பவே பிபிபி மாட்யூலைச் சேர்க்கச் சொல்லி ஒரு வரி குடுத்தா கேக்கும். ஆனா அதைவிட நல்ல வழி, அந்த யூசர்நேம் பாஸ்வேர்டை ரவுட்டர்லயே போட்டுட்டு ரவுட்டரை டயல் பண்ண விடுங்க. எல்லா மெஷினும் போனும் நிம்மதியா இருக்கும், கம்ப்யூட்டர் நேரா வெளி நெட்டைப் பார்த்துக்கிட்டு நிக்க வேண்டாம். டெபியன்ல ஃபயர்வால் தானா ஆன் ஆகி வராதுன்றதால இது பாதுகாப்புக்கும் நல்லது.

விர்ச்சுவல்பாக்ஸ்ல போட்டுப் பழகறேன், 10.0.2.15னு ஐபி வருது. சரியா?

சரிதான், அது கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டற விர்ச்சுவல்பாக்ஸோட நேட் முறை. கேட்வே 10.0.2.2. இன்ஸ்டால் பண்றதுக்கு இதைவிட சுலபமான நெட்வொர்க் கிடையாது, உங்க கம்ப்யூட்டர்ல நெட் இருந்தா உள்ளயும் இருக்கும், வைஃபை பாஸ்வேர்டு எதுவும் கேக்காது. ஆனா வெளிய இருந்து உள்ள எஸ்எஸ்ஹெச்ல, அதாவது வேற கம்ப்யூட்டர்ல இருந்து டெர்மினல் வழியா, போகணும்னா இந்த முறைல நேரா போக முடியாது, இன்ஸ்டால் முடிஞ்சதும் மெஷினை அணைச்சுட்டு செட்டிங்ஸ்ல பிரிட்ஜ்டுக்கு மாத்துங்க, வீட்டு ரவுட்டரே ஒரு ஐபி குடுத்துடும். நேட்ல ஸ்டாட்டிக் போட்டு வச்சிருந்தா இப்ப மாட்டிக்குவீங்க, டிஹெச்சிபின்னா ஒரு ரீபூட்டோட சரி.

தமிழ்லயே இன்ஸ்டால் பண்ணலாமா?

பண்ணலாம். டெபியன் இன்ஸ்டாலர் தமிழ்ல இருக்கு, ஆனா கிராஃபிக்கல் இன்ஸ்டால் தேர்வு பண்ணாதான் லிஸ்ட்ல தமிழ் வரும், டெக்ஸ்ட் முறைல தமிழ் எழுத்தைக் கோர்த்துக் காட்ட முடியாது. தன்னார்வலர்கள் வருஷக்கணக்கா உழைச்சு மொழிபெயர்த்தது, ஒரு தடவையாவது போட்டுப் பாருங்க, உங்க வீட்டுல இங்கிலீஷ் தெரியாதவங்களுக்குப் போடறீங்கன்னா கண்டிப்பா இதையே போடுங்க. நெட்வொர்க் கேள்விகளோட வரிசை அதேதான், இந்தப் பக்கத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பண்ணலாம்.

இன்ஸ்டால் எல்லாம் முடிஞ்சுது, ஆனா டெஸ்க்டாப்ல வயர் நெட்வொர்க் "நிர்வகிக்கப்படல"ன்னு காட்டுதே?

டெபியன்ல நெட்வொர்க்கைப் பார்த்துக்க ரெண்டு ஆள் இருக்காங்க. ஈடிசிக்குள்ள நெட்வொர்க் ஃபோல்டர்ல இன்டர்ஃபேசஸ்ங்கற ஃபைலை வச்சு வேலை செய்யற பழைய முறை ஒண்ணு, டெஸ்க்டாப்போட வர்ற நெட்வொர்க் மேனேஜர் இன்னொண்ணு. அந்த ஃபைல்ல எந்த கார்டு பேர் எழுதிருக்கோ அதை நெட்வொர்க் மேனேஜர் தொடாது. டெஸ்க்டாப்லயே ஐகானை அழுத்தி மாத்திக்கணும்னா, அந்த ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, உங்க கார்டு பேர் வர்ற வரிகளுக்கு முன்னாடி ஹேஷ் குறி போடுங்க. எல்ஓங்கற லூப்பேக் வரிகளை மட்டும் தொடாதீங்க. ரீபூட் பண்ணா நெட்வொர்க் மேனேஜர் எடுத்துக்கும்.

டெஸ்க்டாப் இல்லாத சர்வரை வைஃபை வழியா இன்ஸ்டால் பண்ணவங்களுக்கு ரீபூட்டுக்கு அப்புறம் நெட்டே வராமப் போகலாம். சர்வர்னா வயர்ல பண்ணுங்கன்னு சொல்றது இதுக்காகவும்தான்.

ஒரு வருஷமா நல்லா ஓடின மெஷின், புது எஸ்எஸ்டி போட்ட அன்னைக்கு நெட் போச்சு. என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. மேல சொன்னேன்ல, கார்டு பேர்ல பிசிஐ பஸ் நம்பர் இருக்குன்னு. என்விஎம்ஈ எஸ்எஸ்டியோ கிராஃபிக்ஸ் கார்டோ புதுசா சொருகினா சில போர்டுல பஸ் நம்பர் ஒண்ணு தள்ளிப்போகும், பி3 இருந்தது பி4 ஆயிடும். இன்டர்ஃபேசஸ் ஃபைல்ல பழைய பேர்தான் எழுதிருக்கு, அந்தப் பேர்ல இப்ப கார்டே இல்ல. டெர்மினல்ல ஐபி, இடம் விட்டு ஏன்னு அடிச்சா இப்ப இருக்கற பேர் வரும், அதை அந்த ஃபைல்ல மாத்தி எழுதிட்டு ரீபூட் பண்ணுங்க. நெட்வொர்க் மேனேஜர் வச்சிருந்து, கனெக்ஷனை குறிப்பிட்ட கார்டு பேரோட கட்டிப்போடாம விட்டிருந்தா இந்தத் தொல்லையே வராது, புதுப் பேரைத் தானா பிடிச்சுக்கும். மானிட்டர் இல்லாம மூலைல ஓடற சர்வரைத் திறந்து ஏதாவது கார்டு சொருகப் போறீங்கன்னா, அணைக்கறதுக்கு முன்னாடி ஒரு மானிட்டரும் கீபோர்டும் பக்கத்துல எடுத்து வச்சுக்கங்க, எஸ்எஸ்ஹெச்ல உள்ள போய் இதைச் சரி பண்ண வழி இருக்காது.